பதினொரு சென்னம்மா

கெம்பராயனப்பள்ளி காலனியில் குழாயடியில் நின்று "சென்னம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பதினொரு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பன்னிரண்டாவதாக ஒருத்தி வீட்டுக்குள்ளிருந்து "என்னையா கூப்ட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். அவள் சென்னம்மா இல்லை, பாவம், காது மந்தம்.

வேடிக்கை இல்லை, அந்தத் தெருவின் வழக்கமே அப்படி. வீட்டில் முதல் பெண் பிறந்தால் எல்லையில் இருக்கும் சென்னம்மா தாயின் பேர். முதல் பையன் என்றால் குன்றின் மேல் இருக்கும் திம்மராயசாமியின் பேர். இரண்டாவது பிள்ளைக்கு வேண்டுமானால் சினிமா நடிகர் பேரை வையுங்கள், கட்சித் தலைவர் பேரை வையுங்கள், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். முதல் பிள்ளை தெய்வத்துக்கு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதே சாமிகளைக் கும்பிடும் நாலு காலனிக்குள்ளேதான். அப்புறம் கேட்பானேன்? சென்னம்மாவுக்குத் திம்மராயன்தான் மாப்பிள்ளையாக வந்து சேருவான். இப்படிப் பதினொரு ஜோடி.

வெளியூர்க்காரன் குழம்பிப் போவான். காலனிக்கு ஒரு குழப்பமும் கிடையாது. குழாய்க்கு எதிர் வீட்டுக்காரி குழாயடி சென்னம்மா. முன்பல் எடுப்பானவள் பல்லு சென்னம்மா. ரேஷன் கடைக்காரனைத் தராசோடு தெருவுக்கு இழுத்து வந்தவள் ரேஷன் சென்னம்மா, அந்தப் பேர் வந்த பிறகு அவளுக்கு எடை குறைந்ததே இல்லை. நம்ம கதைக்காரிக்கு கம்ப்யூட்டர் சென்னம்மா என்று பேர். அந்தப் பேர் அவளுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவள் அப்பன் மதுரைவீரன், மேல் தெருக்காரர்களின் கேழ்வரகுக் கொல்லையில் பண்ணை வேலை செய்தவர். அம்மா களை எடுத்தாள். எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் வந்து, பாறையும் முள்ளுமாகக் கிடந்த மேட்டில் கம்பெனி மேல் கம்பெனியாக எழும்பியபோது, மதுரைவீரன் ஒரு கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டப் போனார். அங்கே பேண்ட் போட்ட பெண்கள் காரிலிருந்து இறங்கி ஆபீசுக்குள் போவதைப் பார்த்துவிட்டு வந்தவர், அன்றைக்கே பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டார்: "இவளைக் களைக்கு இட்டுக்கினு போவாதே. பள்ளிக்கூடம் போவட்டும்." பத்தாவது பாஸ் பண்ணிய காலனியின் முதல் பெண் அவள்தான். எண்பத்தொன்றில், கரண்ட் மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஸ்டோர்ஸில் ஆயிரத்து நானூறு வகைச் சாமான். திருகாணியிலிருந்து கண்ணாடி மூடி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க நம்பர். சென்னம்மாவுக்கு அத்தனை நம்பரும் மனப்பாடம். சோதித்துப் பார்க்க ஆபீசர்கள் வருவார்கள், அவள் அலமாரிப் பக்கம் திரும்பாமலே சொல்வாள், அவர்கள் வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பார்கள். ஸ்டோர்ஸ் ஆபீசர் நாராயணப்பனுக்கு அதில் ஏகப் பெருமை, என்னவோ தானே பெற்று வளர்த்த மாதிரி.

எண்பத்தேழில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஏசி ரூம், கண்ணாடிக் கதவு, வாசலில் செருப்பைக் கழட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த ஆபரேட்டர் பெண்ணுக்கு டைப் அடிக்கத் தெரியும், திருகாணி தெரியாது. சென்னம்மாவுக்குத் திருகாணி தெரியும், டைப் தெரியாது. டைப் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. திருகாணி கற்றுக்கொள்வதற்குள் பெங்களூர்ப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

முதல் நாள் அந்த ரூமுக்குள் போய்விட்டு வந்து குழாயடியில் அவள் சொன்னதைக் காலனி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். "மேல் தெருவுல நாம மட்டும் செருப்பைக் கழட்டி கையில புடிச்சிக்கினு போறோம். அங்க மேனேஜரும் கழட்டறாரு. என் செருப்பும் அவரு செருப்பும் ஒட்டிக்கினு கெடக்குது. அவரு செருப்புல ஒரு வாரு அறுந்து போச்சு, பாவம்."

தொண்ணூற்று மூன்றில் நாராயணப்பன் வேலையை விட்டுவிட்டு, ஓசூரில் ஒரு மாடியில் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு சொந்தமாக சென்டர் ஆரம்பித்தார். கையோடு சென்னம்மாவையும் கூட்டிப் போனார். அங்கே அவள் சூப்பர்வைசர். தளியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் வந்த ஆறு பெண்கள் அவள் கையின் கீழ். ஒருத்தி தெலுங்கில் கேட்பாள், ஒருத்தி கன்னடத்தில் கேட்பாள், சென்னம்மா மூன்று மொழியிலும் திட்டுவாள். "ஏனம்மா, கண்ணு எல்லிதே?", கண் எங்கே இருக்கிறது, என்று அவள் கேட்டால் அந்தப் பெண் அடித்த பக்கத்தை மறுபடி முதலிலிருந்து பார்ப்பாள்.

அவள் புருஷனும் ஒரு திம்மராயன்தான். வார்ப்படக் கம்பெனியில் உலை வேலை. அதிகம் பேசமாட்டான், பேசினால் சிரிக்க வைத்துவிடுவான்.

சரி, இப்போது தேர்தலுக்கு வருவோம்.

பத்து வருஷமாக நடக்காத பஞ்சாயத்துத் தேர்தல் தொண்ணூற்றாறில் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம். கெம்பராயனப்பள்ளித் தலைவர் பதவி காலனிப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். மேல் தெருவுக்கு அது தொண்டையில் முள். ஆனால் பெரிய விவசாயி கோவிந்தன் விவரமான ஆள். மாந்தோப்பில் வேலை செய்யும் நாகம்மாவை நிறுத்திவிட்டார். அவளும் காலனிதான், நல்லவள்தான், ஆனால் கோவிந்தன் விரலைக் காட்டும் இடத்தில் அவள் கைநாட்டு விழும். "நாகம்மா நாற்காலியில உக்காரட்டும், நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்" என்று அவரே டீக்கடையில் சொன்னார்.

காலனியில் தொண்ணூற்று நாலு வீடு, ஒரே குழாய். அதற்குத் தண்ணீர் விடும் வால்வு மேல் தெருவில், கோவிந்தன் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி. அதைத் திறப்பது ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். மேல் தெருவில் தேர்த் திருவிழா வந்தால் அதுவும் இல்லை. பதினாலு வருஷமாகப் பெண்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள், அதாவது சென்னம்மா எழுதினாள், அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். எனவே யார் நிற்பது என்று காலனி யோசிக்கவே இல்லை. குழாயடி சென்னம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏம்மே, மனு எழுதி எழுதி நீ கெழவியாகப் போற. மனு வாங்கற எடத்துல போய் உக்காருடி."

சென்னம்மாவுக்கு அதில் கொள்ளை ஆசை. மறைப்பானேன், கண்ணாடி முன்னால் நின்று பதவிப் பிரமாணம் சொல்லிப் பார்த்தாள்.

மனுத்தாக்கல் முடிய மூன்று நாள் இருக்கும்போது, மனுவில் எழுத வேண்டிய தன் வரிசை எண்ணைப் பார்க்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். சுவரில் வாக்காளர் பட்டியல் தொங்கியது. கம்ப்யூட்டரில் அடித்த பட்டியல். அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு, ஏனென்றால் அந்த வட்டாரத்தில் பதினாலு ஊர்ப் பட்டியலை அடித்துக் கொடுத்தது அவள் சென்டர்தான். காலனிப் பக்கத்தைத் திருப்பினாள்.

சென்னம்மா, கணவர் பெயர் திம்மராயன், வயது 35, காலனி.

ஒன்றே ஒன்று. அடுத்த வரி வேறு யாரோ. முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். பதினொரு சென்னம்மாவில் ஒரு சென்னம்மாதான் இருந்தாள். மாதம்மாள் மூன்று பேரில் ஒருத்தி. ரங்கம்மா நாலில் ஒருத்தி. எண்ணிப் பார்த்தால் காலனியில் பதினைந்து பெண்களைக் காணோம். ஆண்களில் இரண்டே பேர்.

"எந்தக் கழுதை பண்ண வேலை இது?" என்று அங்கேயே சத்தம் போட்டாள். கிளார்க் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கழுதை யார் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

நடந்தது இதுதான். ஆறு மாசத்துக்கு முன்னால் பாகலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பட்டியலை அடிக்கும்போது, ஒரே ஆளின் பேர் இரண்டு தடவை, மூன்று தடவை வந்திருப்பதைச் சென்னம்மா கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடினால் வருஷம் ஆகும். அவள் ஒரு வழி சொன்னாள். பேர் ஒன்று, புருஷன் அல்லது அப்பன் பேர் ஒன்று, தெருவும் கதவு எண்ணும் ஒன்று என்றால் அது ஒரே ஆள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கம்ப்யூட்டரே எடுத்துவிடட்டும். "வயசு?" என்று நாராயணப்பன் கேட்டார். "வயசை நம்பாதீங்க சார், கணக்கெடுக்க வர்றவங்க பாத்து உத்தேசமாப் போடறாங்க" என்றாள். மெத்தப் படித்தவளின் பதில். நாராயணப்பன் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டி, டிபன் வாங்கிக் கொடுத்தார். எல்லா ஊருக்கும் அந்த வழியையே போட்டார்கள்.

காலனி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கதவு எண் கட்டத்தில் 'காலனி' என்று எழுதியிருந்தார்கள், தொண்ணூற்று நாலு வீட்டுக்கும். ஆண்களுக்கு அப்பன் பேர் வேறு வேறாக இருந்ததால் தப்பித்தார்கள். தன் ஊர்ப் பட்டியலைத் தளிப் பெண் ஒருத்தி அடித்ததால் அவள் பார்க்கவில்லை, கடைசியில் கையெழுத்து மட்டும் போட்டாள். பார்க்காவிட்டால் என்ன? பதினொரு சென்னம்மாவுக்கு நடுவில் பிறந்து, வளர்ந்து, தண்ணீர் பிடித்தவளுக்கு, அந்த வழியைச் சொன்ன வாய்க்கு, அது ஞாபகம் வரவேண்டாமா? பெங்களூர்க்காரி மறந்திருந்தால் மன்னிக்கலாம். பஸ்ஸில் ஓசூருக்குப் போகும்போது இதைத்தான் அவள் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் "தலைவலியா?" என்று தைலம் கொடுத்தாள்.

சென்டரில் பீரோவைத் திறந்து, நீக்கிய பேர்களின் காகிதத்தை எடுத்தாள். பதினாலு ஊருக்கும் சேர்த்து நானூற்று முப்பத்தாறு பேர். அதில் முக்கால்வாசி அந்தந்த ஊர்க் காலனிப் பெண்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே சரிபார்த்தவர் கையெழுத்து: டி. சென்னம்மா.

நாராயணப்பன் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "இங்க பாரு சென்னம்மா. ஒரு பேரு இருக்குது இல்ல? அது நீதான்னு போய் மனுவைக் குடு. உன்னையும் யாரும் கேக்க முடியாது. மத்தவங்களை அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்."

"அவங்க ஓட்டு சார்?"

"நீ ஜெயிச்சா அவங்களுக்குத்தானே நல்லது செய்யப் போற?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில், தொரப்பள்ளி தாண்டும் வரைக்கும், அவளுக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. சுலபமாக இருந்தது. யாருக்கும் தெரியாது. அவள் சொந்தப் பேர்தானே, பொய் கூட இல்லை.

குழாயடியில் இறங்கினாள். தண்ணீர் வரும் நேரம். பெண்கள் அவளைப் பார்த்ததும் கும்பலாகச் சிரித்தார்கள். பல்லு சென்னம்மா குடத்தைத் தட்டித் தாளம் போட்டாள், "தலைவரம்மா வர்றாங்கோ, வழி வுடுங்க!" ரேஷன் சென்னம்மா யார் யார் வீட்டுக்கு எந்த நாளில் போய் ஓட்டுக் கேட்பது என்று விரல் விட்டுச் சொன்னாள்.

"உங்களுக்கெல்லாம் ஓட்டு இல்ல" என்றாள் சென்னம்மா. "உங்க பேரெல்லாம் பட்டியல்ல இல்ல. அழிச்சது நான்தான்."

விளக்கிச் சொன்னாள். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, யாரும் குடம் வைக்கவில்லை. காலனி வரலாற்றில் அப்படி ஒரு துளி வீணானதில்லை.

ரேஷன் சென்னம்மாதான் வெடித்தாள். "நீ பொறந்தப்ப உன்னைக் குளிப்பாட்டனதே எங்கம்மாடி! நானும் நீயும் ஒண்ணா? எனக்கு நாலு புள்ளை, உனக்கு ஒண்ணு. நான் கறுப்பு, நீ மாநிறம். என் புருஷன் குடிக்கறான், உன் புருஷன் குடிக்க மாட்டான். எப்பிடிடி ரெண்டு பேரும் ஒருத்தி ஆவோம்?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா."

"மெஷினுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் இல்ல?"

நம்ம சென்னம்மா அழுதாள். குழாயடி சென்னம்மா, அறுபது வயதுக்காரி, அவளை அழ விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருந்த குழாயில் தன் குடத்தை வைத்தாள். "சரி, அழுதது போதும். அழிச்சவளுக்கு மறுபடி எழுதத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும். அதுதானே அவள் தொழில். மனுத்தாக்கல் முடியும் நாள், மத்தியானம் மூன்று மணி வரை, விட்டுப்போன பேரைச் சேர்க்க மனுக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. அவள் விசாரித்து வைத்திருந்தாள். ஆனால் இத்தனை பேர் ஒரே பேரோடு போய் நின்றால் கள்ள ஓட்டு என்றுதான் சொல்வார்கள். தப்பு எப்படி நடந்தது என்று சென்டரிலிருந்து எழுத்தில் கொடுக்க வேண்டும்.

மறுநாள் நாராயணப்பன் எழுதித் தரமாட்டேன் என்றார். "எனக்கு இனிமே எவனும் வேலை தரமாட்டான்."

"நீங்க எழுத வேணாம் சார். நான் எழுதறேன். வழி சொன்னது நான், கையெழுத்தும் என்னுது."

"அதைக் குடுத்தேன்னா நாளையிலேர்ந்து இங்க வராதே."

சென்னம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடிதத்தை அடித்தாள். ஒரு பிழை இல்லாமல் அடித்தாள், அப்படி ஒரு ரோஷம். நானூற்று முப்பத்தாறு பேரையும் ஊர்வாரியாகப் பிரிண்ட் எடுத்தாள். அந்தப் பிரிண்டர் போட்ட கிறீச் சத்தத்தில் ஆறு பெண்களும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். கடைசிப் பக்கம் வந்ததும், பீரோ சாவியை மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

கடைசி நாள். ஒன்றிய அலுவலகம். காலனியிலிருந்து டிராக்டர் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, எல்லோரும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். மாதம்மாள்களும் ரங்கம்மாக்களும் வேறு மேஜையில் நின்றார்கள். சென்னம்மாக்கள் பதினொரு பேரும் தேர்தல் அலுவலர் லட்சுமியம்மாள் முன்னால் வரிசையாக நின்றார்கள். லட்சுமியம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நானூற்று முப்பத்தாறு பேர் பட்டியலைப் புரட்டினார்.

"இதை நீயேவா கொண்டாந்து குடுக்கற?"

"ஆமாங்க மேடம்."

"வேலை?"

"போயிடுச்சுங்க."

லட்சுமியம்மாள் மற்ற பதிமூன்று ஊர்க் காகிதத்தையும் பிரித்து, அந்தந்த ஊருக்கு உடனே ஆள் அனுப்பச் சொல்லி கிளார்க்கிடம் கொடுத்தார். மனுத்தாக்கல் கூட்டம் ஓய்ந்து அவர் வரிசைக்குத் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. "ஒவ்வொருத்தரும் வாயால சொல்லணும். நான் எழுதிக்குவேன். பேரு?"

"சென்னம்மா" என்றாள் பல்லு சென்னம்மா.

"புருஷன் பேரு?"

பல்லு சென்னம்மா சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் பயம். வேறு ஊராக இருந்தால் பக்கத்தில் நிற்பவள் எடுத்துச் சொல்லிவிடுவாள். பல்லு சென்னம்மா பழக்கத்தில் பக்கத்தவளை இடித்தாள், "நீ சொல்லு." பக்கத்தவள் திடுக்கிட்டாள். "நான் எப்பிடிச் சொல்றது? என்னுதும் அதே பேரு!" அவள் அடுத்தவளை இடித்தாள். அடுத்தவள் அடுத்தவளை. வரிசை முழுக்க இடி போய், கடைசியில் நின்ற குழாயடி சென்னம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பதினொரு பேரில் ஒருத்தியால் கூட அந்தப் பேரைச் சொல்ல முடியாது.

லட்சுமியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டு ஆகுது. மூணுக்கு மேல நான் ஒரு கையெழுத்தும் போட முடியாது."

நம்ம சென்னம்மாவும் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. ஆயிரம் தடவை டைப் அடித்திருக்கிறாள், அது விரல்தானே. கண்ணை மூடிக்கொண்டாள்.

"திம்மராயன்" என்றாள்.

வரிசையில் பத்துப் பேரும் "அய்யோ!" என்றார்கள். ரேஷன் சென்னம்மா தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லட்சுமியம்மாள் எழுதினார். அடுத்தவள் வந்தாள். "திம்மராயன்" என்றாள் சென்னம்மா மறுபடி. அடுத்தவளுக்கும் அவளே சொன்னாள். நாலாவது தடவைக்குள் பயம் போய்விட்டது. ஐந்தாவது தடவை ஏலம் விடுபவனைப் போல உரக்கவே சொன்னாள். ஒவ்வொருத்திக்கும் எத்தனை பிள்ளை, எந்த வீடு, எது அடையாளம் என்று கேட்டு, தழும்பு மச்சம் எல்லாம் எழுதிக் கைநாட்டு வாங்கி முடிக்க நேரம் பிடித்தது. எட்டுப் பேர் முடியும்போது மணி இரண்டே முக்கால். நாகம்மாவின் மனுவை எப்போதோ கொடுத்து முடித்துவிட்ட கோவிந்தன், வராந்தாவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லட்சுமியம்மாள் பேனாவை நிறுத்தினார். "இன்னும் மூணு பேரு. ஆனா பட்டியல்ல ஒரு பேரு ஏற்கெனவே இருக்குது. அது யாரோடது? அந்த ஆள் இப்பவே மனுத்தாக்கல் செய்யலாம், காத்திருக்க வேணாம்."

சென்னம்மா மற்ற இரண்டு பேரையும் கை காட்டினாள். "தெரியாதுங்க மேடம். யாரோடதா வேணாலும் இருக்கலாம். இவங்க ரெண்டு பேரையும் முதல்ல எழுதிக்குங்க. நான் கடைசி."

"கடைசின்னா உன் மனு நேரத்துக்கு வராது."

"தப்பு என்னுதுங்க."

அப்போது குழாயடி சென்னம்மா சுவரை விட்டு முன்னால் வந்தாள். "சாமி, அந்தப் பேரு இவளோடதுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்? படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. மாடு மேய்ஞ்ச கொல்லையில ஒத்தை ராகித் தட்டு நிக்குதுன்னா, கொல்லைக்காரி எடுத்துக்கட்டும்னு வுட்டுருவோம். அழிச்சவளும் இவதான், மறுபடி எழுதறவளும் இவதான், மிச்சம் நிக்கறது இவளுக்குத்தான். ஏம்மே, சொல்லுங்கடி!"

வரிசை இரண்டு விநாடி யோசித்தது. ரேஷன் சென்னம்மா இடுப்பில் கை வைத்தாள். குழாயடியில் அன்றைக்கு அவள் கத்தியதை யாரும் மறக்கவில்லை. "அது இவளுதுதான் மேடம்" என்றாள். "வயசு முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்குதாமே. நாங்க யாரும் முப்பத்தஞ்சு இல்ல." அது பச்சைப் பொய், அவளுக்கே முப்பத்தைந்துதான். மற்ற எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

லட்சுமியம்மாள் பத்துத் தலைகளையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைச் சரி செய்தார். "ஆட்சேபணை இல்லைன்னா சரி. மனுவைக் கொண்டா." தன் புருஷன் பேரையும் சொல்லிவிட்டுச் சென்னம்மா கையெழுத்துப் போடும்போது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. மீதி இரண்டு பேருக்கும் எழுதி முடித்து, லட்சுமியம்மாள் கடைசிக் கையெழுத்தைப் போட்டபோது சுவர்க் கடிகாரம் மணி அடித்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், குழாயடி சென்னம்மாவின் முறை வந்தபோது, "பேரைச் சொல்லு, சொல்லு" என்று பெண்கள் நம்ம சென்னம்மாவை இடித்தார்கள். கிழவி அவளைக் கையமர்த்தினாள். "அவரு செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. இனிமே ஆயுசு எங்க கொறையப் போவுது? திம்மராயன், எழுதிக்க சாமி." முதல் தடவையாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் உலை வேலை முடிந்து வந்த திம்மராயன் வாசலிலேயே நின்றுகொண்டான். "மத்தியானம் சோறு தின்ன முடியல. ஒரே பொரை ஏறிக்கினு. எவ என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டான்னு பாத்தேன்."

"பத்துத் தடவை" என்றாள் சென்னம்மா.

"பத்துமா எனக்கு?"

"ஒண்ணுதான் உனக்கு. மீதி ஊரான் வூட்டுது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

சென்னம்மா ஆறு ஓட்டில் ஜெயித்தாள். நாராயணப்பனின் சென்டர் மூடிப் போகவில்லை, ஆனால் அவர் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் பதவியில் உட்கார்ந்த முதல் வாரம் செய்த வேலை, வால்வைக் காலனிக்கு மாற்றத் தீர்மானம் போட்டது. இரண்டாவது வாரம் பெயிண்டரைக் கூட்டி வந்து, தொண்ணூற்று நாலு கதவிலும் நம்பர் எழுத வைத்தது. கோவிந்தன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னாள், கொஞ்சம் தள்ளி.

ஆனால் காலனியில் யாரைக் கேட்டாலும் அவர்கள் சொல்வது வால்வையோ நம்பரையோ இல்லை. ஓட்டுப் போட்ட நாளைத்தான் சொல்வார்கள். குழாயடி சென்னம்மா சாவடிக்குள் போனாள். அங்கே நாகம்மாவின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த மேல் தெரு ஆள் எழுந்து நின்று கையை நீட்டினான். "சார், நிறுத்துங்க. சென்னம்மா, புருஷன் திம்மராயன், காலனி. இந்தப் பேர்ல இப்பத்தான் ஒரு ஓட்டு விழுந்துடுச்சு."

கிழவி மை வைக்க விரலை நீட்டியபடியே அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது அவ" என்றாள். "இது நான்."